நீதிபதிக்குத் தவணை வேண்டுமா? ஹாமில்டனின் 78ஆம் கட்டுரை: ஒரு திறனாய்வு

நீதிபதி எப்படிப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்று கேட்டால் விடை கூறாதார் இல்லை. கற்றவராக இருத்தல் வேண்டும். கை சுத்தமானவராக இருத்தல் வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராதவராக இருத்தல் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவர். அவர் எத்தனை ஆண்டு அப்பதவியில் இருத்தல் வேண்டும் என்று கேட்டாலோ பலர் தயங்குவர். இதில் ஆராய என்ன இருக்கிறது, அலுவலக நடைமுறைதானே என்று சிலர் எண்ணவும் கூடும். அஃது அத்துணை எளிய செய்தி அன்று. நேர்மையான ஒருவரைத் தேடிப் பிடித்து நீதிபதி ஆக்கிய பின்னும், அவர் நேர்மையாக நடப்பதற்கு இடம் கொடுப்பதும் கொடாததும் அந்தக் கால வரையறையே ஆகும்.

இவ்வினாவை ஆராய்ந்த கட்டுரைகளுள் தலையாயது எனக் கருதப்படுவது அமெரிக்காவில் 1788ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. எழுதியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அமெரிக்க மாநிலங்களில் நீதிபதிகளின் பதவிக் காலம் பற்றி இன்று வரை நடக்கும் வாதங்கள் எல்லாம் அக்கட்டுரைக்கு ஆதரவாகவோ மறுப்பாகவோதான் நடக்கின்றன. ஆகவே அக்கட்டுரை கூறுவது யாது, அதன் வலிமை எங்கே உள்ளது, அதன் குறை எங்கே உள்ளது என்பனவற்றை ஒரு நூலை ஆராய்வது போல இங்கு ஆராய்வோம்.

கட்டுரையின் கருத்து

1787இல் பிலடெல்பியா நகரில் கூடியோர் ஒரு புதிய அரசியல் சட்டத்தை வரைந்தனர். நியூயார்க் மாநிலத்து மக்கள் அதனை ஏற்கவேண்டும் என்பதற்காக ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் ‘பப்ளியஸ்’ என்னும் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். கூட்டாட்சியாளர் என்று பொருள்படும் ‘பெடரலிஸ்ட்’ என்னும் தொகுப்பு இதுவே. இதன் 78ஆம் கட்டுரை, நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்கலாம் என்னும் விதியை ஆதரிக்கின்றது. அஃதாவது, குற்றம் புரிந்து முறைப்படி நீக்கப்பட்டாலன்றி அவர்களுக்குத் தவணை கிடையாது.

ஹாமில்டன் மூன்று காரணங்களைக் காட்டுகிறார். முதலாவது, அரசின் மூன்று உறுப்புக்களுள் நீதிமன்றமே வலிமை குன்றியது என்பது. படையும் காவலும் நிர்வாகத்தின் கையில் உள்ளன. பணம் சட்டமன்றத்தின் கையில் உள்ளது. நீதிமன்றத்துக்கு இருப்பது தீர்ப்புக் கூறும் அறிவு ஒன்றே. தன் தீர்ப்பை நிறைவேற்றவும் அது பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். இத்தகைய ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அதற்கு நிலையான பதவியாவது இருத்தல் வேண்டும் என்கிறார்.

இரண்டாவது காரணமே கட்டுரையின் உயிர்நிலை. குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் நியமிக்கும் முறை எதுவாயினும் அது நீதிபதியின் சுதந்தரத்தைக் கெடுக்கும் என்பது அவர் முடிவு. மீண்டும் நியமிக்கும் உரிமை நிர்வாகத்திடமோ சட்டமன்றத்திடமோ இருந்தால் நீதிபதி அவர்களுக்கு இணங்கிப் போவார். இருவரிடமும் இருந்தால் இருவர் மனமும் கோணாமல் நடக்கப் பார்ப்பார். மக்களிடம் இருந்தால் சட்டத்தைப் பாராமல் மக்களின் மகிழ்ச்சியையே பார்ப்பார். இவ்வாறு எல்லாப் பக்கமும் அடைத்துக்கொண்டு வருகிறார் ஹாமில்டன்.

மூன்றாவது, கல்வி பற்றியது. சட்டமும் முன்தீர்ப்புக்களும் பெருகப் பெருக அவற்றைக் கற்றுத் தேர்ந்தவர் சிலரே இருப்பர். அச்சிலரும் வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுச் சில ஆண்டுப் பதவிக்கு வரமாட்டார் என்பது அவர் வாதம்.

இக்கட்டுரை நடுவண் அரசின் நீதிபதிகளுக்காக எழுதப்பட்டது. எனினும் அவர் சான்றாகக் காட்டுவது மாநிலங்களையே. மாநில அரசியல் சட்டங்களுள் சிறந்தவை எனப்படுவன, நியூயார்க்கின் சட்டம் உட்பட, இவ்விதியைத்தான் கொண்டுள்ளன என்கிறார். அன்று அது சரியான கூற்று. பிற்காலத்தில் மாநிலங்களே அவரை விட்டு விலகின.

கசாப்புக் கடையில் பிறந்த வழக்கு

ஹாமில்டனின் அச்சம் வெறுங்கற்பனை அன்று. இங்கிலாந்தில் நீதிபதிகளை மன்னர் விரும்பியபோது வைத்து, விரும்பாதபோது நீக்கிய காலம் ஒன்று இருந்தது. 1701ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. ஆயினும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அப்பாதுகாப்புக் கிட்டவில்லை. 1776ஆம் ஆண்டுச் சுதந்தரப் பிரகடனத்தில் மன்னர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள், நீதிபதிகளின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் தம் விருப்பம் ஒன்றுக்கே உட்படுத்தினார் என்பதும் ஒன்றாகும்.

மன்னர் போன பின்னர் நிலைமை மாறியதா? ரோட் ஐலண்டு என்னும் சிறிய மாநிலத்தைப் பார்ப்போம். அங்கே உயர் மன்ற நீதிபதிகள் ஐவரையும் ஆண்டுதோறும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1786இல் அம்மாநிலம் காகிதப் பணம் அச்சிட்டது. அதன் மதிப்பு விரைவாக இறங்கிற்று. அதனை வாங்க மறுப்போருக்குத் தண்டம் என்றும், அவ்வழக்கை ஜூரி இன்றியே விசாரிக்கலாம் என்றும், மேன்முறையீடு இல்லை என்றும் சட்டமன்றம் விதித்தது. நியூபோர்ட் நகரில் ஜான் வீடன் என்னும் கசாப்புக் கடைக்காரர், ஜான் டிரெவெட் என்பவர் இறைச்சிக்குக் கொடுத்த காகிதப் பணத்தை வாங்க மறுத்தார். வழக்கு மன்றத்துக்கு வந்தது. ஜூரி விசாரணை மக்களின் உரிமை, அதனைச் சட்டமன்றம் பறித்தல் இயலாது என்று வீடனின் வழக்கறிஞர் ஜேம்ஸ் வார்னம் வாதாடினார். இவ்வழக்கைத் தாம் விசாரிப்பதற்கில்லை என்று நீதிபதிகள் தள்ளிவிட்டனர்.

சட்டமன்றம் சினந்தது. நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. உடனே நீக்குவதற்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் காரணம் தேவையும் இல்லை. ஆண்டு முடிந்தால் போதும். மறு ஆண்டுத் தேர்தலில் அந்த ஐவருள் நால்வருக்கு இடம் கிடைக்கவில்லை. 1787 ஜூலையில் பிலடெல்பியா மாநாட்டில் மேடிசன் இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டினார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. அந்த நால்வரை யாரும் நீக்கவில்லை. அவர்கள்மீது குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. தவணை முடிந்தது, அவ்வளவே. நீதிபதியைத் தண்டிப்பதற்குத் தவணையைப் போல ஓசையற்ற கருவி வேறு இல்லை.

மாநிலங்கள் ஏன் விலகின?

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் மாநிலங்கள் பின்னர்த் தவணை முறைக்கே சென்றன. 1832இல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் மக்களே குறித்த காலத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. 1846இல் நியூயார்க் மாநிலமும் அவ்வாறே செய்தது. அதன் தலைமை மேன்முறையீட்டு மன்ற நீதிபதிகளுக்கு 8 ஆண்டுத் தவணை அமைந்தது. பிற மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன.

மக்கள் அறியாமையால் இதனைச் செய்தனர் என்று கூறிவிடுதல் எளிது. ஹாமில்டனைப் போற்றுவோர் பலர் அவ்வாறே கூறுகின்றனர். அது நியாயம் அன்று. அக்காலத்தில் மாநிலச் சட்டமன்றங்கள் கால்வாய்களுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் அளவிறந்த கடன் வாங்கின. 1837இல் வந்த பொருளாதார முடக்கத்தில் பல மாநிலங்கள் கடன் சுமையால் தத்தளித்தன. சட்டமன்றத்தைத் தட்டிக் கேட்க ஆள் வேண்டும் என்று மக்கள் கருதினர். கவர்னரும் கட்சித் தலைவர்களும் தம் நண்பர்களுக்கு வழங்கிய நீதிபதிப் பதவி அதற்கு உதவுமா? மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே அவர்களை எதிர்த்து நிற்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. நோக்கம் ஹாமில்டனின் நோக்கமே, வழிதான் வேறு.

மேலும், ஹாமில்டன் காலத்திலேயே அவருக்கு எதிர்வாதி ஒருவர் இருந்தார். ‘புரூட்டஸ்’ என்னும் புனைபெயரில் எழுதிய அவர், எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நீதிபதியிடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டார். இங்கிலாந்தில் நீதிபதியின் தீர்ப்பைத் திருத்தப் பாராளுமன்றம் இருந்தது, இங்கு யார் இருக்கிறார் என்பது அவர் கேள்வி. ஹாமில்டனின் கட்டுரையில் அதற்கு நிறைவான விடை இல்லை. சட்டமன்றம் குற்றம் சாட்டி நீக்கலாம் என்கிறார். அது பெருங்குற்றத்துக்குப் பயன்படும் கனத்த கருவி. சோம்பலுக்கும், கடுஞ்சொல்லுக்கும், தளர்ந்த அறிவுக்கும் அது பயன்படாது.

மூன்று வாசல்கள்

ஆயினும், அனுபவம் யார் பக்கம் பேசுகின்றது? ஹாமில்டன் கூறிய மூன்று வாசல்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டமன்றத்தின் வாசலை ரோட் ஐலண்டில் கண்டோம். நிர்வாகத்தின் வாசலுக்கு நியூ ஜெர்சி சான்று. அம்மாநிலத்தின் 1947ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி, உயர்நீதி மன்ற நீதிபதிக்கு முதலில் 7 ஆண்டு. பின்னர்க் கவர்னர் மீண்டும் நியமித்தால் 70 வயது வரை நிலையான பதவி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, மறு நியமனம் வேண்டிய எந்த நீதிபதியையும் எந்தக் கவர்னரும் மறுத்ததில்லை. வழக்கமே காவலாக நின்றது. 2010 மே மாதம் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி, ஜான் வாலஸ் என்னும் நீதிபதியை மீண்டும் நியமிக்க மறுத்தார். வாலஸுக்கு 70 வயது நிறையச் சுமார் 2 ஆண்டே இருந்தது. அவர் ஒழுக்கத்தில் குறை கூறப்படவில்லை. மன்றத்தின் போக்கை மாற்றவேண்டும் என்பதே கவர்னரின் காரணம். எழுதப்படாத வழக்கம் ஒரே கையெழுத்தில் முறிந்தது.

மக்களின் வாசலுக்குச் சான்று பல. கலிபோர்னியாவில் உயர்நீதி மன்ற நீதிபதிகளுக்கு 12 ஆண்டுத் தவணை. முடிவில் எதிர்ப்போட்டி இல்லை; இவர் இருக்கலாமா, கூடாதா என்று மட்டும் மக்கள் வாக்களிப்பர். 1986இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டும் அவருடன் இரு நீதிபதிகளும் இவ்வாறு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மரண தண்டனை வழக்குகளில் அவர்கள் அளித்த தீர்ப்புக்களே தேர்தல் பிரசாரம் ஆயின. அதே மன்றத்தில் முன்னர் இருந்த ஆட்டோ காஸ் என்பவர் ஓர் உவமை கூறியதுண்டு. வாக்கெடுப்பு நெருங்கும்போது அதனை மறந்து தீர்ப்பு எழுத முயல்வது, குளியல் தொட்டியில் கிடக்கும் முதலையை மறந்து முகச் சவரம் செய்ய முயல்வது போன்றது என்றார். தம் தீர்ப்புக்களில் அந்த அச்சம் கலந்ததா என்று தமக்கே உறுதியாகத் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இவ்வளவு நேர்மையான வாக்குமூலம் அரிது.

அயோவா மாநிலத்தில் 2009ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பற்றிய ஒரே தீர்ப்புக்காக, 2010இல் மூன்று நீதிபதிகள் பதவி இழந்தனர். அத்தீர்ப்பில் ஏழு நீதிபதிகளும் ஒரே மனத்தினர். அவ்வாண்டு வாக்கெடுப்பு வந்தது மூவருக்கு மட்டுமே. ஆகவே ஏழு பேர் எழுதிய தீர்ப்புக்கு விலை கொடுத்தவர் மூவர்.

பென்சில்வேனியாவில் நடந்தது இதனினும் வியப்பானது. 2005இல் அம்மாநிலச் சட்டமன்றத்தார் தம் சம்பளத்தைத் தாமே உயர்த்திக்கொண்டனர். மக்கள் கொதித்தனர். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் மாநில அளவில் வாக்கெடுப்புக்கு நின்றவருள் இருவர் உயர்நீதி மன்ற நீதிபதிகள். ஒருவர் அரிதாகத் தப்பினார். ரஸ்ஸல் நைக்ரோ என்பவர் தோற்றார். பிறர் மேல் எழுந்த சினத்துக்கு ஒரு நீதிபதி பலியானார்.

பத்தாம் ஆண்டில் வரும் குற்றவாளி

இதுவரை கூறியவை பெரிய மன்றங்களின் கதை. பதவி போன நீதிபதி வேறு வேலை தேடிக்கொள்வார். அதனால் உலகம் முழுகிவிடுமா என்று கேட்கலாம். உண்மையான இழப்பு அவருடையது அன்று. பதவி போகாமல் காத்துக்கொண்ட நீதிபதியின் முன் நின்றவர்களே இழந்தவர்கள்.

பென்சில்வேனியாவின் மாவட்ட மன்ற நீதிபதிகளுக்கு 10 ஆண்டுத் தவணை. கிரெகரி ஹியூபர், சான்போர்டு கார்டன் என்னும் அரசியல் நூல் வல்லுநர் இருவர், 1990களில் அங்கு வழங்கப்பட்ட தண்டனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். நீதிபதியின் வாக்கெடுப்பு நாள் நெருங்க நெருங்க, அவர் விதிக்கும் சிறைத் தண்டனை நீள்கின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதன் பொருளை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே மாவட்டம், ஒரே குற்றம், ஒரே நீதிபதி. ஆனால் இரண்டாம் ஆண்டில் அவர் முன் நிற்பவனுக்கு ஒரு தண்டனை; பத்தாம் ஆண்டில் நிற்பவனுக்கு அதனினும் கூடிய தண்டனை. அந்தக் கூடுதல் மாதங்கள் அவன் செய்த குற்றத்துக்காக விதிக்கப்பட்டவை அல்ல. நாட்காட்டிக்காக விதிக்கப்பட்டவை. கொடியவர் என்று அந்த நீதிபதியைக் கூறவும் முடியாது. தாம் எப்போதும் போலவே தீர்ப்பு வழங்குவதாகத்தான் அவர் எண்ணியிருப்பார். மென்மையாக நடந்தார் என்று ஒரு பழி வந்தால் பதவி போகும். கடுமையாக நடந்தார் என்று பழி வந்து பதவி போனவர் அரியர். அச்சம் ஒரு பக்கமே சாயும் தராசு.

தவணையை நீட்டினால் இக்குறை தீருமா? நியூயார்க் அதனை முயன்றது. 1869இல் 8 ஆண்டை 14 ஆக்கியது. தேர்தல் எத்தனை முறை வரும் என்பதை அது குறைத்தது, அச்சத்தை ஒழிக்கவில்லை. 1977இல் அம்மாநிலம் தன் தலைமை மன்றத்துக்குத் தேர்தலையே கைவிட்டு, கவர்னர் நியமிக்கும் முறைக்கு வந்தது. மற்றொரு தீங்கும் உண்டு. இருக்கை நீண்ட காலத்துக்கு உரியதானால் அதன் விலையும் ஏறும். விஸ்கான்சின் மாநிலத்தில் 10 ஆண்டுக்குரிய ஓர் உயர்நீதி மன்ற இடத்துக்கு 2025 ஏப்ரலில் நடந்த தேர்தலில் 10 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பென்சில்வேனியாவின் தவணையும் 10 ஆண்டுதான். ஆகவே எவ்வாறு திருத்தி அமைத்தாலும் மறு நியமனம் கெடுக்கும் என்ற ஹாமில்டனின் கூற்றைப் பொய் என்று தள்ள முடியவில்லை.

ஹாமில்டன் காணாதது

இனிக் கட்டுரையின் குறைகளைக் கூறுவோம். அவை மூன்று.

முதற்குறை, வாதத்தில் உள்ள ஒரு தாவல். ஹாமில்டன் மெய்ப்பிப்பது மறு நியமனம் தீது என்பதை. முடிவாகக் கூறுவதோ தவணையே கூடாது என்பதை. இவை இரண்டும் ஒன்றல்ல. ஒருமுறை மட்டுமே வகிக்கக்கூடிய, மீண்டும் பெற முடியாத பதவியில் இருப்பவர் யார் வாசலிலும் நிற்க வேண்டுவதில்லை. எத்தனை ஆண்டு என்பது முதல் வினா அன்று. அவ்வாண்டுகளின் முடிவில் அவர் யாரிடம் சென்று கேட்க வேண்டும் என்பதே முதல் வினா. அந்த வினாவைக் கிட்டத்தட்டக் கண்டவர் ஹாமில்டன். கண்டும், விடையை எழுதும்போது அதனைத் தவறவிட்டார்.

இரண்டாம் குறை, முதுமை பற்றியது. நியூயார்க்கின் 1777ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிக்கு 60 வயதை எல்லையாக வைத்தது. 79ஆம் கட்டுரையில் ஹாமில்டன் அதனைக் கண்டிக்கிறார். அறுபதுக்குப் பின்னும் அறிவு ஒளிரும் என்கிறார். அது மெய்யே. சான்சலர் ஜேம்ஸ் கென்ட் அவ்விதியால் 1823இல் விலக நேர்ந்தது. அதன் பின்னரே அவர் அமெரிக்கச் சட்டம் பற்றிய தம் பெருநூலை, 1826 முதல் 1830 வரை, நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் ஹாமில்டன் மற்றொரு காரணமும் கூறுகிறார். ஓய்வூதியம் வழங்காத நாட்டில், பிழைப்புக்கு வழியின்றி முதியவரை வெளியேற்றுதல் இரக்கமற்ற செயல் என்கிறார். ஓய்வூதியம் வந்துவிட்ட பின்னர் அக்காரணம் தானே விழுந்துவிடுகின்றது. வயது எல்லை யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. இன்னாருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று அது கேட்பதில்லை. அதனை எதிர்பார்த்துத் தீர்ப்பை வளைப்பதிலும் பயன் இல்லை.

மூன்றாம் குறை, சிறிய மன்றங்களை அவர் நினையாதது. பெரும்பாலான மக்கள் தம் வாழ்நாளில் உயர்நீதி மன்றத்தைக் காண்பதில்லை. அவர்கள் காண்பது ஊர் மன்றத்தை. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர்களில் இன்றும் ஊர் நீதிபதியை 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. சாலை விதி மீறலும், சிறு குற்றமும், சிறு பணத் தகராறும் அவர் முன் வருகின்றன. பெருங்குற்றம் சாட்டப்பட்டவரும் சில வேளை முதலில் அவர் முன்தான் நிறுத்தப்படுகின்றார். தீர்ப்புக் கூறுபவரும், தீர்ப்புப் பெறுபவரும், வாக்களிப்பவரும் ஒரே தெருவினர். ஹாமில்டனின் மூன்றாவது காரணமாகிய கல்வி இங்கேதான் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. பாதுகாப்போ மேலிடத்துக்கு மிகுதியாகவும் கீழிடத்துக்குக் குறைவாகவும் அமைந்துள்ளது.

மக்களுக்கு உரிமை இல்லையா?

இவ்வாறு கூறும்போது ஒரு தடை எழும். மக்களாட்சியில் மக்களுக்குக் கணக்குக் காட்டாத அதிகாரி இருக்கலாமா? இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. 1911இல் அரிசோனா மக்கள், நீதிபதியை இடையிலேயே திரும்ப அழைக்கும் உரிமையைத் தம் அரசியல் சட்டத்தில் எழுதினர். அதனைப் பார்த்த ஜனாதிபதி டாப்ட், அம்மாநிலத்தைச் சேர்த்துக்கொள்ளும் தீர்மானத்தை மறுத்தார். மக்கள் அப்பகுதியை எடுத்துவிட்டனர். 1912 பிப்ரவரியில் மாநிலமாக ஏற்கப்பட்ட பின், அவ்வாண்டிலேயே அதனை மீண்டும் சேர்த்தனர். அத்துணை உறுதியாக ஒரு மக்கள் கூட்டம் கேட்ட உரிமையை வெறும் மயக்கம் என்று தள்ளுவதற்கில்லை.

ஆனால் தவணை எதற்குப் பயன்படுகின்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்ட நீதிபதியை விலக்குவதற்கு, தளர்ந்தவரை விலக்குவதற்கு, பிடிக்காத தீர்ப்பு அளித்தவரை விலக்குவதற்கு. முதலாவதற்கு வேறு கருவி வந்துவிட்டது. 1960இல் கலிபோர்னியா, நீதிபதிகளின் நடத்தையை விசாரிப்பதற்கென ஓர் ஆணையத்தை முதன்முதலாக அமைத்தது. இன்று 50 மாநிலங்களிலும் அத்தகைய அமைப்பு உண்டு. புரூட்டஸ் கேட்ட கேள்விக்கு ஹாமில்டன் தராத விடை இதுவே. இரண்டாவதற்கு வயது எல்லை போதும். மிஞ்சி நிற்பது மூன்றாவது. அதற்காகத்தான் தவணை வேண்டும் என்றால், அதனை வெளிப்படையாகவே கூறுதல் நன்று. தீர்ப்புப் பிழையானால் மேன்முறையீடு இருக்கின்றது. சட்டம் பிழையானால் சட்டமன்றம் இருக்கின்றது. அரசியல் சட்டமே பிழையானால் அதனைத் திருத்தும் உரிமை மக்களிடம் இருக்கின்றது. இவ்வளவு வழிகள் இருக்க, நீதிபதியின் சோற்றில் கை வைப்பது எதற்கு?

முடிவு

இன்று மாசச்சூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய இரு மாநிலங்களின் நீதிபதிகள் 70 வயது வரை மறு நியமனம் இன்றிப் பதவி வகிக்கின்றனர். மாசச்சூசெட்ஸ் 1780 முதல் வயது எல்லை இல்லாமலே இருந்து, 1972இல் இந்த எல்லையை ஏற்றது. ஹாமில்டனின் நோயறிவையும், அவர் மறுத்த மருந்தையும் சேர்த்துக்கொண்ட முறை இது. நாம் மேலே கண்ட குறைகளுக்கெல்லாம் இதனினும் நெருங்கிய விடை வேறு தோன்றவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உயர் நீதிபதிகள் வயதினால் ஓய்வு பெறுகின்றனரேயன்றித் தேர்தலினால் அல்ல என்பதையும் நம் வாசகர் நினைவிற் கொள்ளலாம். ஆனால் வயது எல்லைக்குப் பின்னும் நீட்டிப்பு, சில ஆண்டுக்கு மட்டும் நியமனம் என்னும் வழிகள் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் அந்தப் பழைய வினாவை மீண்டும் கேட்க வேண்டும்: முடிவில் இவர் யார் வாசலில் நிற்க வேண்டும்?

ஹாமில்டனின் கட்டுரை இரு நூற்றாண்டுக்கு மேலாக நிற்பதற்குக் காரணம் அதன் முடிவு அன்று. அது கேட்கத் தூண்டும் அந்த வினாவே. பழைய நூலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை அறிவர். ஆசிரியன் கூறிய முடிவோடு மாறுபட்டும், அவன் கண்ட உண்மையைப் போற்றலாம்.

கசாப்புக் கடைக்காரரின் வழக்குக்காக நான்கு நீதிபதிகள் இடம் இழந்த ரோட் ஐலண்டில், இன்று உயர்நீதி மன்ற நீதிபதிக்குத் தவணையும் இல்லை. வயது எல்லையும் இல்லை. ஐம்பது மாநிலங்களுள் வாழ்நாள் முழுவதும் பதவி அளிப்பது அந்த ஒரு மாநிலமே. ஓராண்டுத் தவணையின் கொடுமையை நேரில் கண்ட மாநிலம், இன்று மறு கோடியில் சென்று நிற்கின்றது. இவ்விரு கோடிகளுக்கும் இடையே உள்ள வழியைத் தேடுவதே அறிவுடையோர் கடன்.